ஹீற்றிங்கை எப்போது போடத் தொடங்குவது?

செப்ரெம்பர் கடைசி வந்தால் லண்டனில் தமிழர் வீடுகளில் ஒரு கேள்வி தவறாமல் வரும். "நீங்கள் ஹீற்றிங் போடத் தொடங்கியாச்சோ?" பதில்களும் எனக்குப் பாடம். "இல்லை அன்ரி, மணிக்கூடு மாத்தட்டும் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறம்." "நாங்கள் நவம்பர் முதலாம் திகதிதான்." "இப்பவே போட்டால் பில் என்ன வரும்? இன்னொரு சுவெற்றரைப் போட்டால் சரி."

கணக்குப் பார்ப்பதில் பிழை இல்லை. ஆனால் இந்தப் பதில்கள் எதிலும் வீடு இல்லை. திகதி இருக்கிறது, பொறுமை இருக்கிறது, பில் இருக்கிறது. வீட்டுக்குள் எத்தனை பாகை, சுவரில் எவ்வளவு ஈரம் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. அந்த இரண்டையும் தெரிந்துகொண்டால் இந்தக் கேள்விக்குப் பதில் தானாகவே வந்துவிடும். இந்த வருடம் புதிதாக வந்தவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்: படிக்க வந்த பிள்ளைகள், பராமரிப்பு வேலைக்கு வந்தவர்கள், பிள்ளைகளோடு இருக்க ஊரிலிருந்து வந்த அம்மா அப்பாமார்.

நான் வந்த முதல் வருடம் ஈஸ்ற்ஹாமில் ஒரு பழைய செங்கல் வீட்டின் பின்னறையில் இருந்தோம். நவம்பர் நடுப்பகுதி வரை ஹீற்றிங்கைத் தொடவே இல்லை. ஒரு நாள் சுவரோடு ஒட்டி நின்ற அலுமாரியை இழுத்துப் பார்த்தால், பின்பலகை முழுவதும் கறுப்புக் கறுப்பாய்ப் பூஞ்சணம். கீழ்த்தட்டில் மடித்து வைத்திருந்த என் கூறைச் சீலையின் கரை வரை ஏறியிருந்தது. மகனுக்கு அந்த மாரி முழுவதும் இருமல். அதற்குப் பிறகுதான் ஏறக்குறைய 10 பவுணுக்கு, வெப்பநிலையையும் ஈரப்பதனையும் சேர்த்துக் காட்டும் உள்ளங்கை அளவு மீற்றர் ஒன்றை வாங்கினேன். கீழே எழுதுவதில் பாதி அது சொல்லித் தந்தது.

முதலில் ஒரு விஷயம். வெளியே 16 பாகை இருக்கும்போது உள்ளே ஏன் 19 பாகை இருக்கிறது? தண்ணீரைச் சூடாக்கும் பொயிலர் எரியவில்லை, அந்தச் சுடுதண்ணீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேற்றர் எல்லாம் குளிர்ந்து கிடக்கிறது. அந்த 3 பாகை எங்கிருந்து வந்தது?

நாங்கள்தான் தந்தோம். ஒரு ஆள் சும்மா கதிரையில் இருந்தாலே ஏறக்குறைய 100 வாற்று வெப்பம் உடம்பிலிருந்து வெளியேறுகிறது. பிரிட்ஜின் முதுகைத் தொட்டுப் பாருங்கள், சுடும். அடுப்பு, ரி.வி, குளிக்கும் சுடுதண்ணீர், யன்னலால் விழும் வெயில் என்று எல்லாம் வீட்டைச் சூடாக்குகின்றன. மறுபக்கத்தில் சுவர், கூரை, யன்னல், கதவின் கீழ் இடுக்கு வழியாக அந்தச் சூடு வெளியே போய்க்கொண்டே இருக்கிறது. உள்ளேயும் வெளியேயும் வித்தியாசம் கூடக் கூடப் போகும் வேகமும் கூடும்.

இலக்கம் போட்டுப் பார்ப்போம். வரிசை வீடு ஒன்றில், ஒரு பாகை வித்தியாசத்துக்கு 200 வாற்று வீதம் சூடு வெளியேறுகிறது என்று வையுங்கள். ஆட்கள், அடுப்பு, பிரிட்ஜ், வெயில் எல்லாம் சேர்ந்து நாள் முழுவதற்கும் சராசரியாக 600 வாற்று தருகின்றன. 600ஐ 200ஆல் பிரித்தால் 3. அதாவது, இந்த வீடு ஒரு சதமும் செலவில்லாமல் வெளியை விட 3 பாகை சூடாக நிற்கும். உள்ளே 18.5 பாகை போதும் என்றால், வெளியே 15.5 பாகை வரை ஹீற்றிங் தேவையில்லை. அதற்குக் கீழே போனால் குறைவதைப் பொயிலர்தான் நிரப்ப வேண்டும்.

இந்த 15.5 நான் வசதிக்காக எடுத்த இலக்கம் இல்லை. பிரித்தானியாவில் கட்டடங்களின் வெப்பத் தேவையைக் கணக்கிடுபவர்கள் நெடுங்காலமாக அடிப்படை அளவாக வைத்திருப்பது இதைத்தான். பழைய பரனைற் கணக்கில் 60. அமெரிக்காவில் 65 பரனைற், அதாவது 18.3 பாகையை எடுக்கிறார்கள். ஜேர்மனியில் 15 பாகை என்பது வழக்கம். இதைத் தமிழில் வீட்டின் "எல்லை வெப்பநிலை" என்று சொல்லலாம்.

உங்கள் வீட்டின் எல்லை பக்கத்து வீட்டின் எல்லையாக இருக்கத் தேவையில்லை. மேலும் கீழும் இரண்டு பக்கமும் ஆட்கள் இருக்கும் நடுமாடி பிளற் ஒன்றில் வெளிச்சுவர் ஒன்றுதான். ஒரு பாகைக்கு 70 வாற்றுத்தான் வெளியேறுகிறது, உள்ளே கிடைப்பது 400 வாற்று என்றால், வெளியை விட ஏறக்குறைய 6 பாகை கூட. அந்த வீட்டுக்காரர் ஒக்ரோபர் முழுவதும் "எங்களுக்குக் குளிரே இல்லை" என்று சொல்வது உண்மை. அதைக் கேட்டுவிட்டு, பழைய வீட்டின் கூரைக்குக் கீழே தனி அறையில் இருக்கும் மாணவர் தானும் பொறுத்துக்கொண்டிருக்கக் கூடாது. மூன்று பக்கம் வெளிச்சுவர், பகல் முழுவதும் அறையில் ஆள் இல்லை, சமைப்பதும் அங்கே இல்லை. அந்த அறைக்குச் செப்ரெம்பரிலேயே ஹீற்றிங் தேவைப்படலாம். ஈஸ்ற்ஹாம், இல்போர்ட் பக்கம் முதலாம் உலகப் போருக்கு முன் கட்டிய வீடுகளில் சுவர் ஒரே கட்டாக இருக்கும், நடுவில் காற்றிடைவெளி கிடையாது. அவையும் சூட்டை வேகமாக விட்டுவிடும்.

இனி நாட்காட்டிக்கு வருவோம். ஹீத்ரோ விமான நிலையத்தில் அளக்கும் சராசரி வெப்பநிலை, இரவு பகல் சேர்த்து, செப்ரெம்பரில் 16 பாகை அளவில், ஒக்ரோபரில் 12 அளவில், நவம்பரில் 8 அளவில் நிற்கும். 15.5 என்ற கோட்டைச் செப்ரெம்பர் கடைசியில் தாண்டுகிறோம். அந்தக் கேள்வி அந்தக் கிழமைகளில் எல்லா வீட்டிலும் எழுவதற்குக் காரணம் இதுதான். மாரிக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு மாற்றுவது ஒக்ரோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் பல வீடுகள் எல்லையைத் தாண்டி ஒரு மாதம் ஆகியிருக்கும்.

தொலைபேசியில் காலநிலையைப் பார்க்கும்போது பலர் இரவு இலக்கத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். இரவில் 8, பகலில் 20 என்றால் சராசரி 14தான். செங்கல் சுவர் பகல் சூட்டைப் பிடித்து வைத்து இரவில் மெதுவாக விடும். அதனால் ஒரு இரவு குளிர்ந்தால் வீடு உடனே குளிராது. சராசரி மூன்று நான்கு நாள் தொடர்ந்து எல்லைக்குக் கீழே நின்றால்தான் சுவர் குளிரும். குளிர்ந்த சுவர் திரும்பச் சூடாவதற்கும் நேரம் எடுக்கும். நவம்பர் நடுவில் முதன்முதலாகப் போடுகிறவர்கள் "நாலு மணித்தியாலம் எரிஞ்சும் வீடு சூடாகேல்லை" என்று சொல்வது இதனால்தான். பொயிலர் அவ்வளவு நேரமும் காற்றோடு சேர்த்துச் சுவரையும் சூடாக்கிக்கொண்டிருக்கிறது.

அரசாங்கமே நாளைத் தீர்மானிக்கும் நாடுகளும் உண்டு. ரஷ்யாவில் நகரம் முழுவதற்கும் ஒரே குழாயில் சூடு வருகிறது. தொடர்ந்து 5 நாள் சராசரி வெப்பநிலை 8 பாகைக்குக் கீழே நின்றால் திறக்க வேண்டும் என்பது அங்கே விதி. பெய்ஜிங்கில் நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை என்று திகதி குறித்திருக்கிறார்கள். ரஷ்ய விதியில் எனக்குப் பிடித்தது அந்த 5 நாள். ஒரு இரவின் குளிரை நம்பாமல் சராசரியைப் பார்க்கிறது. 8 பாகை எங்களுக்கு மிகவும் பிந்தியது, ஆனால் யோசனை சரியானது.

வெளியே இருப்பதைப் பார்த்தாயிற்று. உள்ளே எத்தனை பாகை வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டலில் குளிர்நாட்டு வீடுகளுக்கு 18 பாகை பாதுகாப்பான அளவு என்று சொல்லியிருக்கிறது. இங்கிலாந்தின் சுகாதாரத் துறையும் குறைந்தது 18 என்றுதான் சொல்கிறது. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கும், இரத்த அழுத்தம் ஏறும், இதயத்துக்கு வேலை கூடும். முட்டு, நெஞ்சுச்சளி உள்ளவர்களுக்கு மூச்சு இன்னும் கஷ்டப்படும். பச்சைக் குழந்தை படுக்கும் அறை 16 முதல் 20 பாகைக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் சூடாக்கி, போர்வையும் போட்டுப் பொத்துவது குழந்தைக்கு ஆபத்து.

வயது போனவர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வயது ஏற ஏற, குளிர்கிறது என்று உடம்பு சொல்வது மங்கிவிடும். என் அம்மா வந்த வருடம் சீலைக்கு மேல் கார்டிகன் போட்டு, காலுக்கு இரண்டு சோடி மேஸ் போட்டு, ஹோலில் இருந்து செபமாலை உருட்டிக்கொண்டிருப்பா. "குளிருதா அம்மா?" என்றால் "சீச்சீ, எனக்கென்ன, நீ காசை வீணாக்காதை" என்பா. ஒரு நாள் மீற்றரை அவவின் கதிரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 15.8. கையைத் தொட்டால் ஐஸ். அன்றிலிருந்து அம்மாவிடம் குளிருதா என்று கேட்பதை விட்டுவிட்டேன், மீற்றரைத்தான் பார்க்கிறேன். பகலில் அசையாமல் இருக்கும் ஒருவர் வீட்டில் இருந்தால், நீங்கள் வேலைக்குப் போன பிறகு வீடு எத்தனை பாகையில் இருக்கிறது என்பதுதான் கணக்கு.

சரி, 25 வயதில் சுகதேகியாக இருக்கும் ஒருவர் 16 பாகையில் சுவெற்றர் போட்டுக்கொண்டு இருக்கலாம்தானே? அவர் இருக்கலாம். வீடு இருக்காது. ஈரம் வந்து நிற்பது இங்கேதான். எங்கள் ஆட்கள் அதிகம் தவறவிடுவதும் இதைத்தான்.

பின்னேரம் குசினியில் சோறு கொதிக்கும்போது யன்னலைப் பாருங்கள். கண்ணாடியின் கீழ் மூலையில் முதலில் ஒரு மங்கல் வரும். அது மேலே ஏறி, துளியாகி, துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கோடு கோடாக இறங்கி, யன்னல் கட்டையில் குளமாகத் தேங்கும். மூடி திறந்த பானை, நீண்ட நேரம் கொதிக்கும் இறைச்சிக் கறி, குளியல், ரேடியேற்றருக்கு மேல் விரித்த ஈர உடுப்பு எல்லாம் காற்றில் தண்ணீரை ஏற்றுகின்றன. மெசினிலிருந்து எடுத்த ஒரு தடவை உடுப்பு மட்டும் காயும்போது ஏறக்குறைய 2 லீற்றர் தண்ணீரை வீட்டுக்குள் விடும்.

சூடான காற்று அதிக ஆவியைத் தாங்கும், குளிர்ந்த காற்று தாங்காது. 20 பாகையில் ஒரு கன மீற்றர் காற்று 17 கிராம் அளவு தண்ணீரை ஆவியாக வைத்திருக்கும். 10 பாகையில் அதில் பாதிக்குச் சற்று மேல்தான். அந்தக் காற்று குளிர்ந்த சுவரைத் தொட்டால் மீதி தண்ணீராகப் படிய வேண்டியதுதான். பாடசாலையில் பனிபடுநிலை என்று படித்தோமே, அதேதான். உள்ளே 18 பாகை, ஈரப்பதன் 70 வீதம் என்றால் பனிபடுநிலை 12 பாகைக்குச் சற்று மேலே. அலுமாரிக்குப் பின்னால், சூடு போய்ச் சேராத வெளிச்சுவரின் மூலை 12 பாகைக்கு இறங்குவது இங்கே பெரிய விஷயம் இல்லை. பூஞ்சணத்துக்கு அவ்வளவு கூடத் தேவையில்லை. சுவரை ஒட்டிய காற்றின் ஈரப்பதன் பல நாள் 80 வீதத்துக்கு மேல் நின்றால் போதும், கறுப்புப் புள்ளி வரத் தொடங்கும். என் கூறைச் சீலைக்கு நடந்தது இதுதான்.

ஆகவே, ஹீற்றிங் ஆட்களைச் சூடாக்குவதோடு சுவரைக் காயவும் வைக்கிறது. கூடவே ஈரக் காற்றை வெளியே அனுப்ப வேண்டும். காலையும் பின்னேரமும் 10 நிமிடம் எதிரெதிர் யன்னல்களை அகலத் திறந்து மூடுங்கள். காற்று மாறிவிடும், சுவர் குளிர்வதற்கு அந்த நேரம் போதாது. சமைக்கும்போது மூடியைப் போடுங்கள், ஆவியை வெளியே இழுக்கும் காற்றாடியைப் போடுங்கள், குசினிக் கதவைச் சாத்துங்கள். அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

இவ்வளவும் செய்தும் பூஞ்சணம் வந்தால் அது உங்கள் பிழை என்று வாடகைக்கு விட்ட வீட்டுச் சொந்தக்காரர் சொல்வதை ஏற்றுக்கொண்டு பேசாமல் இருக்காதீர்கள். 2020 டிசம்பரில் ரொச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற 2 வயதுக் குழந்தை, பூஞ்சணம் பிடித்த பிளற்றில் வாழ்ந்து மூச்சுக் கோளாறால் இறந்தது. பூஞ்சணம்தான் காரணம் என்று மரண விசாரணை அதிகாரி 2022இல் தீர்ப்புச் சொன்னார். அந்தக் குழந்தையின் பெயரால் வந்த சட்டம் 2025 ஒக்ரோபர் 27 முதல் இங்கிலாந்தில் கவுன்சிலும் வீட்டுச் சங்கங்களும் வாடகைக்கு விடும் சமூக வீடுகளுக்கு நடைமுறைக்கு வந்திருக்கிறது. பூஞ்சணம் பற்றி முறைப்பாடு வந்தால் குறித்த காலத்துக்குள் பார்த்துத் திருத்த வேண்டும். படம் எடுத்து, திகதி போட்டு, எழுத்தில் அனுப்புங்கள்.

இனிக் காசு. வீட்டு காஸ், மின்சார விலையின் உச்சத்தை ஒவ்ஜெம் என்ற அமைப்பு மூன்று மாதத்துக்கு ஒரு முறை குறிக்கிறது. அண்மைக் காலத்தில் காஸ் ஒரு யூனிற் (ஒரு கிலோவாற்று மணித்தியாலம்) 6 பென்ஸ் அளவிலும் மின்சாரம் 25 பென்ஸ் அளவிலும் நின்றிருக்கின்றன. பொயிலர் மணித்தியாலத்துக்கு 8 யூனிற் எரித்து, ஒக்ரோபர் நாள் ஒன்றில் 2 மணித்தியாலம் ஓடினால் ஒரு பவுண் அளவு வரும். முழு வீட்டுக்கும். "ஹீற்றிங் போடாமல் சமாளிப்பம்" என்று 2 கிலோவாற்று மின் ஹீற்றரை ஒரு அறையில் 4 மணித்தியாலம் விட்டால் 8 யூனிற், 2 பவுண். காஸ் ஹீற்றிங் உள்ள வீட்டில் இது மிச்சம் பிடிப்பதே இல்லை.

ஒரு பாகை குறைத்தால் பத்தில் ஒரு பங்கு மிச்சம் என்று சொல்வார்கள். அதன் காரணம் மேலே போட்ட கணக்கிலேயே இருக்கிறது. மாரியில் வெளியே சராசரி 7, உள்ளே 20, வீடு தானாகத் தருவது 3. பொயிலர் நிரப்ப வேண்டியது 10 பாகை. அதில் ஒன்றைக் குறைத்தால் பத்தில் ஒன்று. 22இல் இருப்பவர் 20க்கு வரலாம், நல்லது. 18இல் இருக்கும் முதியவர் 17க்கு வரக் கூடாது.

சூட்டின் அளவைக் குறிக்கும் தெர்மோஸ்ராற்றை 25க்கு முறுக்கினால் வீடு கெதியாகச் சூடாகாது. பொயிலர் அதே வேகத்தில்தான் எரியும், நிறுத்த மறந்தால் 25 வரை போகும். நாள் முழுவதும் மெல்லிய சூட்டில் விடுவது மலிவு என்பதும் காஸ் பொயிலருக்குப் பொதுவாகப் பொருந்தாது. வீடு எவ்வளவு நேரம் சூடாக இருக்கிறதோ அவ்வளவு நேரம் சூடு வெளியே போகிறது. வருமானம் குறைந்தவர்கள் 150 பவுண் கழிவு தரும் உதவி பற்றி மின்சாரக் கம்பனியிடம் கேளுங்கள். சில அரச கொடுப்பனவுகள் பெறுபவர்களுக்கு நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, தொடர்ந்து 7 நாள் சராசரி பூச்சியத்திலோ அதற்குக் கீழேயோ நின்றால், 25 பவுண் வரும்.

நான் செய்வது இப்படி. செப்ரெம்பர் நடுவிலிருந்து மீற்றர் அம்மாவின் அறையில், நெஞ்சளவு உயரத்தில், வெயிலும் ரேடியேற்றரும் படாத உட்சுவர் அலுமாரியில் இருக்கும். காலை 7 மணிக்கு, தேத்தண்ணி வைக்க முதல், இரண்டு இலக்கத்தையும் நாட்காட்டியில் எழுதுவேன். மூன்று காலை தொடர்ந்து 18க்குக் கீழே வந்தால் அன்று பின்னேரமே ஹீற்றிங். 18க்கு மேல் நின்றாலும் ஈரப்பதன் 65 வீதத்துக்கு இறங்க மறுத்தால், யன்னல் திறந்தும் இறங்கவில்லை என்றால், அப்போதும் காலை ஒரு மணித்தியாலம், மாலை ஒரு மணித்தியாலம். இரண்டு வருடத்தில் எங்கள் வீட்டின் எல்லை 15 அளவில் என்று தெரிந்துவிட்டது. பிறகு காலநிலை அறிக்கையைப் பார்த்தே நாளைச் சொல்ல முடிகிறது. ஏப்ரலில் நிறுத்துவதற்கும் இதே இலக்கங்கள்தான்.

ஆனால் பொயிலரை அந்த நாள் வரை தொடாமல் வைத்திருக்க வேண்டாம். ஓகஸ்ற் கடைசியில் ஒரு கால் மணித்தியாலம் ஓட விட்டுப் பாருங்கள். பழுது என்றால் அப்போது திருத்துபவர் உடனே கிடைப்பார், ஒக்ரோபரில் கிழமைக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பொயிலரில் தண்ணீரின் அழுத்தம் காட்டும் முள் 1க்கும் 1.5க்கும் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். ரேடியேற்றர் கீழே சுட்டு மேலே குளிர்ந்திருந்தால் உள்ளே காற்று நிற்கிறது. ஹீற்றிங்கை நிறுத்தி ஆற விட்டு, மேல் மூலையில் இருக்கும் திருகைச் சின்னத் திறப்பால் மெல்லத் திருகினால் "ஸ்ஸ்" என்று வெளியேறும், தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மூடுங்கள். பொயிலரைத் திறப்பவர், காஸ் வேலை செய்யத் தகுதி பெற்றவர்களின் பதிவான காஸ் சேவ் (Gas Safe) பதிவு உள்ளவராக இருக்க வேண்டும், அட்டையைக் கேட்டுப் பார்க்கலாம்.

முதல் நாள் போட்டதும் வீடு முழுவதும் தூசி கருகும் மணம் ஒன்று வரும். கோடை முழுவதும் ரேடியேற்றரில் படிந்த தூசி அது, சிறிது நேரத்தில் போய்விடும். காஸ் மணம் வந்தாலோ, மணமில்லாத நச்சு வாயுவான காபன் மொனொக்சைட்டுக்கான அலாரம் அடித்தாலோ, வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலையிடித்தாலோ அது வேறு விஷயம். முடிந்தால் காஸ் மீற்றரிலேயே காஸை நிறுத்தி, யன்னல் கதவெல்லாம் திறந்து, எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே போய் 0800 111 999க்கு அடியுங்கள். இலக்கத்தை இப்போதே தொலைபேசியில் போட்டு வையுங்கள், அம்மாவின் தொலைபேசியிலும்.